எதுல போட்டாலும் இருபது

பூஞ்சேரி
04.06.2024

துர்கா,

சௌக்கியமான்னு கேட்டு ஆரம்பிக்கிற நிலைமையில நான் இல்ல. உன் போனை என் தம்பி ஜெயக்குமார் வாங்கி வெச்சிருக்கான். உங்க அம்மா நம்பருக்கு அடிச்சா உன் அண்ணன் எடுத்து, "கொலகாரின்னு துரத்தி வுட்டுட்டு இப்ப இன்னாத்துக்குப் போனு?"ன்னு கத்திட்டு வெக்கிறான். அதான் பேப்பரை எடுத்தேன். மதுராந்தகம் பஸ் கண்டக்டர் வெங்கடேசன் எங்க ஆஸ்பத்திரி வார்டுல பேஷன்ட்டா படுத்திருந்தவர். கருங்குழி ஸ்டாப் டீக்கடையில இதைக் குடுத்துடுறேன்னு சொல்லியிருக்கார். உன் பதிலையும் அங்கேயே குடு.

நேரா விஷயத்துக்கு வரேன். எங்கப்பாவுக்கு நீ என்ன போட்டே?

ஒரு மாசத்துக்குள்ள மூணு தடவை வேர்த்துக் கொட்டி, நாக்கு குழறி விழுந்திருக்கார். கடைசியா பாத்ரூம்ல. நல்லவேளை அன்னைக்கு நான் வந்திருந்தேன், சுகர் பாத்தா முப்பத்தெட்டு. சர்க்கரைத் தண்ணி உள்ள போன பிறகுதான் பெத்த பொண்ணையே அவருக்கு அடையாளம் தெரிஞ்சுது. முப்பத்தெட்டுங்கறது உசுரு போற கணக்கு துர்கா. அது தானா வராது. ஒண்ணு, ஊசி போட்டுட்டு டிபன் குடுக்காம விட்டிருக்கணும். இல்ல, ஊசியே ஜாஸ்தியா போட்டிருக்கணும். ரெண்டும் உன் கையிலதான் இருந்துது.

தம்பி பொண்டாட்டின்னு பாக்காம கூடப் பிறந்தவ மாதிரி நினைச்சு உனக்கு ஊசி போடக் கத்துக் குடுத்தேன். யாருக்கு, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்த வழியில, எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பாத்துட்டு அப்புறம் குத்துன்னு எங்க வார்டுப் பொண்ணுங்களுக்குச் சொல்ற மாதிரியேதான் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினியே! காலைல டிபனுக்கு அரை மணி முன்னாடி இருபது யூனிட். இதுல என்ன குழப்பம்?

நான் குடுத்த இன்சுலின் பேனாவைக் காணோம். வீடு முழுக்கத் தேடிட்டேன். அதை எதுக்கு எடுத்துட்டுப் போனே? அதுக்குள்ள போடற மருந்துக் குழாய் மூணு வெச்சிட்டு வந்தேன். ஒன்றரை மாசம் வரவேண்டியது ஒரு மாசம்கூட வரல. மிச்சம் எங்கே போச்சு, அப்பா உடம்புக்குள்ளயா? மாமல்லபுரத்துல ஏதோ ரிசார்ட்டுல வேலை கேட்டுப் போய் நின்னியாமே. மாமனார் தூங்கிக்கிட்டே கிடந்தா நீ சௌகரியமா கிளம்பலாம்னு யாராவது நினைச்சா, அவங்க நினைப்புல என்ன தப்பு?

உன்னை உங்க அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொன்னது நான்தான். மறைக்கல. பதில் வேணும்.

ரேணுகா


கருங்குழி
06.06.2024

அண்ணிக்கு,

படிச்சிட்டு அடுப்புல போடலாம்னுதான் இருந்தேன். பதில் எழுதலன்னா நான் ஒத்துக்கினேன்னு ஆயிடும்னு எங்கம்மா சொன்னாங்க. அதான் எழுதறேன்.

இருபதுதான் போட்டேன். என்னிக்கும் அதுக்கு மேல ஒரு பொட்டு போட்டதில்ல. ஊசி போட்டுட்டு இட்லித் தட்டை மாமா கையில குடுத்து, அவரு துன்னு முடிக்கிற வரைக்கும் எதிர்ல குந்தினு இருப்பேன். மாமாவையே கேளுங்களேன். கேக்க மாட்டீங்க. அவரு என் பக்கம் பேசிட்டா உங்களுக்குக் கஷ்டமாச்சே.

பேனாவ நான் எடுத்தாரல. அதப்பத்தி இப்ப எழுத முடியாது.

இப்ப நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. டாக்டரு எழுதிக் குடுத்த பாட்டில் மருந்த மெடிக்கல்ல வாங்கி ரெண்டு வருஷமா போட்டுகினு இருந்தேன். மாமாக்கு இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவல. "பாட்டிலும் சிரிஞ்சும் எதுக்கு, பேனாதான் ஈஸி, வலிக்காது"ன்னு நீங்களா வந்து அந்தக் கண்ணாடிக் குழாயக் குடுத்தீங்க. அட்டப் பொட்டி இல்ல, பில்லு இல்ல. ஐஸ்கிரீம் டப்பாவுல பஞ்சு சுத்தி எடுத்தாந்தீங்க. "எங்கேர்ந்து வந்துதுன்னு யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு வேற. யாரு மருந்து அண்ணி அது? டேட்டு முடிஞ்சதா? வெயில்ல கெட்டதா? அது வூட்டுக்குள்ள வந்தப்பறம்தான் மாமா விழ ஆரம்பிச்சாரு. இத நான் தெருவுல சொல்லியிருந்தா உங்க கதி இன்னா ஆயிருக்கும்? நான் சொல்லல.

ரிசார்ட்டுக்குப் போனது நெஜம்தான். ரூம் பாத்துக்கற வேல. மாமாதான், "போய்ட்டு வாம்மா, மதியத்துக்கு ஆக்கி வெச்சிட்டுப் போ, நான் போட்டுக்கறேன்"னாரு. உங்க தம்பிக்குத்தான் மூஞ்சி தொங்கிப் போச்சு.

நான் பொட்டியத் தூக்கினு தெருவுல நடந்தப்ப பக்கத்து வூட்டு தனகோடி அக்காவத் தவிர ஒருத்தரும் வெளிய வரல. ஜன்னல் வழியாப் பாத்தாங்க. அந்த வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியாது.

துர்காதேவி


கூடுவாஞ்சேரி
10.06.2024

துர்கா,

நல்லாவே எதிர்க்கேள்வி கேக்கறே. கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லத்தான் வரல.

மருந்து கெட்டதுன்னு சொல்றியே, கொஞ்சம் யோசிச்சியா? இன்சுலின் வெயில் பட்டா வீரியம் போயிடும். வீரியம் போன மருந்தைப் போட்டா சுகர் ஏறும், இறங்காது. அப்பாவுக்கு இறங்கிட்டுப் போகுது. அப்போ மருந்து நல்லாவே வேலை செய்யுது, அதுவும் அளவுக்கு மேல செய்யுதுன்னுதானே அர்த்தம்? இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் இன்சுலின் ட்ரேயைத் தூக்கிட்டு நடக்கறேன்?

இன்னொண்ணும் கேட்டுக்க. ஒரு வாரம் லீவு போட்டு அப்பாகூட இருந்தேன். என்கூட வேலை செய்யற அனுகிட்ட பேனா கடன் வாங்கிட்டுப் போய், நான் முன்னே குடுத்த மாதிரிக் குழாயையே மாட்டி, தினம் இருபது போட்டேன். அப்பா குத்துக்கல்லு மாதிரி இருந்தார். ஒரு நாள்கூட அவர் கை வேர்த்து ஜில்லுன்னு ஆகல. அதே மருந்து. அதே இருபது. அதே இட்லி. கை மட்டும்தான் வேற.

இதுக்கு என்ன சொல்றே?

லீவு முடிஞ்சு நேத்து டியூட்டிக்கு வந்துட்டேன். பேனாவை அனுகிட்ட திருப்பிக் குடுத்தாச்சு. புதுசு வாங்கிப் போடச் சொல்லி, ரெண்டு குழாயையும் வெச்சிட்டு வந்திருக்கேன். இனிமே ஜெயக்குமார் பாத்துப்பான். பெத்த புள்ள போட்டா எனக்குக் கவலையில்ல.

எங்க வார்டுல இன்சுலின்னா ஒருத்தி எடுத்து இன்னொருத்திகிட்ட காட்டணும். ரெண்டு பேர் கண்ணும் பாக்காம பேஷன்ட் பக்கத்துலயே போகக்கூடாது. உன் பக்கத்துல அப்படிப் பாக்க ஆள் இல்லாம போச்சே, அதுதான் நான் பண்ண தப்பு. அப்பா சாயங்காலமானா "துர்கா எங்கே"ன்னு கேட்டுட்டே இருக்கார். எனக்கு எரிச்சலா வருது.

பேனாவைப் பத்தி எழுத முடியாதுன்னா என்ன அர்த்தம்?

ரேணுகா


கருங்குழி
13.06.2024

அண்ணி,

மொதல்ல இதுக்கு பதில் சொல்லுங்க. நேத்து தனகோடி அக்கா எங்கம்மா போனுக்கு அடிச்சாங்க. மாமா திரும்ப விழுந்துட்டாராம். கண்ணு சொருவிப் போச்சாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்கீங்களாம். நான் அந்தப் பக்கமே இல்லியே! அதே மருந்து, அதே இருபது, இப்ப கை உங்க தம்பியுது. அவர எந்த அம்மா வூட்டுக்கு அனுப்பப் போறீங்க?

சிரிக்கறதுக்கு எழுதல. மாமா உசுரோட கீறாரான்னு இங்க யாருக்கும் சொல்லத் தெரியல. எனக்கு சோறு எறங்கல.

பேனா கேட்டீங்களே. ஒடஞ்சி போச்சு. சமையல் மேடையிலேர்ந்து கீழ விழுந்து, பின்னால திருவற குமிழு தனியா வந்துடுச்சு. "ஜாக்கிரதை, ஒடச்சா வேற கெடைக்காது"ன்னு நீங்க சொல்லியிருந்ததால பயந்துகினு அரிசிப் பானைக்குப் பின்னால போட்டுட்டேன். இன்னமும் அங்கதான் கெடக்கும். பழைய சிரிஞ்சு ஃபிரிட்ஜு கதவுல நெறைய மிச்சம் இருந்துது. அதுல குழாய் மருந்த இழுத்துப் போட்டேன்.

நானா முடிவு பண்ணிப் போடல. உங்களுக்கு போன் பண்ணிக் கேட்டேன். நீங்க டியூட்டில இருந்தீங்க. பின்னால யாரோ கத்தினு இருந்தாங்க. "அண்ணி, சிரிஞ்சுல போட்டா எவ்ளோ?"ன்னேன். "இருபதுன்னா இருபதுதான் துர்கா, எதுல போட்டாலும் இருபது"ன்னு சொல்லி டக்குனு வெச்சிட்டீங்க. நான் இருபதாம் கோடு வரைக்கும்தான் இழுத்தேன். காத்துக் குமிழிகூட தட்டி எடுத்தேன். நான் பொய் சொல்றேன்னு தோணுச்சின்னா உங்க தம்பியக் கேட்டுப் பாருங்க.

இந்தக் கடுதாசியப் போலீசுல காட்டப் போறீங்களா? காட்டுங்க. நானும் உங்களுதைப் பத்திரமா வெச்சினு இருக்கேன்.

மாமா எப்பிடி கீறாருன்னு மட்டும் யார்கிட்டயாவது சொல்லி அனுப்புங்க.

துர்காதேவி


கூடுவாஞ்சேரி
16.06.2024

துர்கா,

அப்பா உசுரோட இருக்கார். பேசறார். திருப்போரூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். அதை முதல்ல தெரிஞ்சுக்கோ.

உன் லெட்டர் வர்றதுக்கு முந்தின நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அப்பாவை ஆஸ்பத்திரியில சேத்துட்டு, மருந்தை எடுக்க பூஞ்சேரி வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். குழாயும் அது பக்கத்துல சிவப்பு மூடி சிரிஞ்சும் இருந்துது. ஜெயக்குமாரைக் கேட்டேன். அந்தப் பேனா கடையில கிடைக்கலக்கா, துர்கா எப்படிப் போடுவாளோ அப்படியே போட்டேன்னான்.

உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். கடையில வாங்கற பாட்டில் மருந்து ரெண்டாம் டிகாஷன் மாதிரி. பேனாக் குழாய்ல இருக்கறது முதல் டிகாஷன். மருந்து ஒண்ணுதான், குழாய்ல அடர்த்தி ரெண்டரை மடங்கு. சிவப்பு மூடி சிரிஞ்சு பாட்டில் மருந்துக்குன்னே அளந்து கோடு போட்டது. அதுல குழாய் மருந்தை இருபது கோடு வரைக்கும் இழுத்தா, உள்ளே போறது இருபது இல்ல, அம்பது. குழாய் சீக்கிரம் தீர்ந்ததும் அதனாலதான். பேனாவுல போட்டா பேனாவே கணக்கு பாத்துக்கும், அதனாலதான் என் கையில ஒண்ணும் ஆகல. நீ கோடு தப்பல. உன் மேல தப்பில்ல.

அந்தப் போன். ஞாபகம் இருக்கு. அன்னைக்கு வார்டுல ஒருத்தருக்கு மூச்சுத் திணறல், ஒரு கையில ஆக்சிஜன் மாஸ்க், காதுக்கும் தோளுக்கும் நடுவுல போன். போன்ல டோஸ் சொன்னா எதிராளியைத் திருப்பிச் சொல்ல வைக்கணும், எந்தப் பாட்டில், எந்த சிரிஞ்சுன்னு கேக்கணும். ஜூனியர் பொண்ணுங்க மறந்தா அழ அழத் திட்டுவேன். வீட்டு விஷயம்னு வந்ததும் எனக்கு அது தோணவே இல்ல.

நீ போன் பண்ணது அவனுக்குத் தெரியுமான்னும் கேட்டுப் பாத்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, காலைல நான் வேன் எடுத்துட்டுப் போயிடுவேன்"னான்.

இப்ப நான் சொல்லப் போறதைக் கோபப்படாமப் படி. அந்தக் குழாய்ங்க டிஸ்சார்ஜ் ஆகிப் போனவங்க வார்டுலயே விட்டுட்டுப் போனது. எப்படியும் குப்பைக்குத்தான் போகும். இருந்தாலும் வெளியே எடுத்துட்டு வந்தது தெரிஞ்சா என் வேலை போயிடும், நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷனுக்கே ஆபத்து. அதனால டாக்டர்கிட்ட நான் சிரிஞ்சைப் பத்திச் சொல்லல. சரியா சாப்பிடலன்னு மட்டும் சொன்னேன். வயசானதால கிட்னி, மருந்தை வெளியேத்தறது குறைஞ்சிருக்கும், அதான் உடம்புல தங்கி சுகர் இறங்குதுன்னு அவரே முடிவு பண்ணி, டோஸை எட்டாக் குறைச்சிட்டார்.

நீ வந்துடு. அப்பா சாப்பிடாம விட்டதால ஆச்சுன்னு ஜெயக்குமார்கிட்ட சொல்லிடறேன். எல்லாரும் மறந்துடுவாங்க. இந்த லெட்டரைப் படிச்சதும் கிழிச்சுடு.

ரேணுகா


கருங்குழி
18.06.2024

அண்ணி,

கிழிக்கல. கிழிக்கவும் மாட்டேன்.

மாமா பேசறாருன்னு படிச்சதும் அழுதுட்டேன். அதுக்கு நன்றி. மீதியப் படிச்சதும் உடம்பெல்லாம் எரிஞ்சுது.

மாமா சாப்பிடலன்னா யாரு பட்டினி போட்டது? இத்தினி நாளு வெஷம் வெச்சவ, இனிமே சோறு போடாதவளா? ஒரு பேரக் கழட்டி இன்னொரு பேர மாட்டி வுடறீங்க, அதுக்கு நான் ஓடியாரணுமா? நல்லா கீது உங்க நாயம்!

அதவுட பெருசு ஒண்ணு கீது. எட்டு யூனிட்டுனு எழுதியிருக்கீங்களே, படிக்கும்போதே எனக்குத் திக்குனு ஆச்சு. மாமாக்கு வேண்டியது இருபதுதானே? கிட்னிக்கு ஒண்ணும் ஆவலன்னு உங்களுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. எட்டே போட்டா இனிமே சுகரு ஏறும். கால்ல புண்ணு வந்தா ஆறாது, வெரலை எடுப்பாங்கன்னு என்னைப் பயமுறுத்தி ஊசி போட வெச்சதே நீங்கதானே. உங்க வேல நெலைக்கணும்னு மாமா கால அடகு வெக்கறீங்களா?

நீங்க நல்லவங்களா கெட்டவங்களான்னே இப்ப எனக்குத் தெரியல. என் வாயை மூடத்தான் "உன் மேல தப்பில்ல"ன்னு எழுதினீங்களோன்னு படுது. எனக்குத் தனியா சொன்னா போதாது. டாக்டரு கிட்ட சொல்லணும். உங்க தம்பி கிட்ட சொல்லணும். ஜன்னல் வழியாப் பாத்தாங்களே, அவங்களுக்கும் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். சொன்னா, மாட்டிக்கினதும் நாத்தனார் மேல பழி போடறான்னுதான் சொல்வாங்க. நீங்கதான் சொல்லணும்.

வேல போயிடும்னு பயமா கீதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு வூடே போச்சு.

துர்காதேவி


பூஞ்சேரி
24.06.2024

துர்கா,

சொல்லிட்டேன்.

உன் லெட்டரை ரெண்டு நாள் பையிலயே வெச்சிட்டுத் திரிஞ்சேன். உன் மேல அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு. மூணாவது நாள் அப்பாவுக்கு சுகர் முந்நூறைத் தாண்டிடுச்சு. அதுக்கு மேல என்னால முடியல. சிரிஞ்சையும் குழாயையும் எடுத்துட்டுப் போய் டாக்டர் மேஜையில வெச்சேன். பாத்ததுமே அவருக்குப் புரிஞ்சு போச்சு. "சிஸ்டர், நீங்களா?"ன்னார். அதைவிட நாலு அறை அறைஞ்சிருக்கலாம். டோஸைப் பழையபடி மாத்திட்டாங்க, அப்பா தேறிட்டு வரார். இனிமே பழைய பாட்டில் மருந்து, அதுக்கான சிரிஞ்சு. வேற எதுவும் வீட்டுக்குள்ள வராது.

எங்க நர்சிங் சூப்பரின்டெண்ட் பிரபாவதி மேடத்துகிட்டயும் நானே போய்ச் சொன்னேன். விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம்னுட்டாங்க. என்ன ஆகும்னு தெரியல.

நேத்து பூஞ்சேரியில தெருக்குழாயாண்ட எல்லாரும் குடத்தோட நின்னாங்க. சத்தமாவே சொன்னேன். "எங்கப்பா விழுந்ததுக்கு என் தம்பி பொண்டாட்டி காரணமில்ல, நான் போன்ல தப்பா சொன்னதுதான் காரணம்"னு. ஒரு பொம்பளை, "நர்சம்மாவே இப்பிடியா?"ன்னா. தனகோடி அவளை ஒரு முறை முறைச்சா. அவ குடத்தைத் தூக்கிட்டு நகந்துட்டா.

ஜெயக்குமார்கிட்ட எல்லாத்தையும் விவரமாச் சொன்னேன். தலையைக் குனிஞ்சு கேட்டுட்டே இருந்தான். "சரிக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டுப் போய்க் கூட்டியாந்துடறேன், போனையும் குடுத்துடறேன்"னான். பாவம், அவனும் குழம்பிப் போயிட்டான்.

உன்னை நான் கொலைகாரின்னு நினைச்சேன் துர்கா. வாயால சொன்னதைவிட மனசுல அதிகமா நினைச்சேன். மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்ல, ஆனாலும் கேக்கறேன். வந்துடும்மா.

ரேணுகா


கருங்குழி
27.06.2024

அண்ணி,

நீங்க செஞ்சதக் கேட்டு எங்கம்மா, "அந்தப் பொம்பளைக்கு தில்லு கீதுடி"ன்னாங்க. எனக்கும் அப்பிடித்தான் பட்டுது. உங்க மேல இருந்த கோவம் முக்காவாசி போயிடுச்சு. மீதி மெதுவாப் போவட்டும்.

உங்க தம்பி பாவம்னு எழுதியிருக்கீங்க. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

உங்களுக்குப் போன் பண்ணனே, அன்னிக்கு ஒரு கையில குழாய், ஒரு கையில சிரிஞ்சு. அதனால போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினேன். உங்க தம்பி எதிர்ல குந்தினு நாஸ்தா துன்னுகினு இருந்தாரு. பேனா ஒடஞ்சதும் அவருக்குத் தெரியும், அரிசிப் பானைக்குப் பின்னால போடுன்னு சொன்னதே அவர்தான். நீங்க சொன்னதக் கேட்டுட்டு, "அதான் அக்காவே சொல்லிட்டாளே, போடு"ன்னாரு. ஒண்ணும் தெரியாது, வேன் எடுத்துனு பூடுவேன்னு உங்க கிட்ட சொன்னாராமே. ஒண்ணும் தெரியாதவருக்கு, குழாய்ல சிரிஞ்சக் குத்தி இழுக்கணும்னு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது? நீங்க இத யோசிக்கவே இல்ல. தம்பியாச்சே.

என்னை அனுப்பின அன்னிக்கு நீங்க கத்தினீங்க. நான் அழுதுகினே அவரத்தான் பாத்தேன். "இல்லக்கா, அவ உன்னைக் கேட்டுட்டுத்தான் போட்டா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், அங்கியே எல்லாம் வெளிய வந்திருக்கும், மாமா மறுபடி விழுந்திருக்க மாட்டாரு. வேன் சாவிய வெரல்ல சுத்திகினு வாசல்ல நின்னாரு. ரிசார்ட்டுலேர்ந்து திங்கக்கெழமை வேலைக்கு வரச் சொல்லி எனக்குப் போன் வந்தது அதுக்கு மொத நாளு. மறுநாளே என் போனை வாங்கி வெச்சிகினாரு. வேலைக்குப் போவாதன்னு நேரா சொல்ல அவருக்கு வாய் வரல. நீங்க சொன்ன பழி சௌகரியமாப் போச்சு.

நீங்க என்னைச் சந்தேகப்பட்டீங்க அண்ணி. திட்டினீங்க, ஆனா கேட்டீங்க, கடுதாசி போட்டுக் கேட்டீங்க. அவரு என்னை ஒரு நாளும் சந்தேகப்படல. நான் செய்யலன்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பினாரு.

ஞாயித்துக்கெழமை அவர வுடாதீங்க. வேன் வந்து நின்னா எங்க வூட்டுக் கதவு தொறக்காது, எங்கண்ணனும் அன்னிக்கு வூட்டுல இருப்பான். உங்களுக்கு இப்ப டியூட்டி இல்லியே, நீங்க பஸ்ஸுல வாங்க. மாமாவப் பாக்க உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வரேன். அங்கேர்ந்து பூஞ்சேரிக்கு வர்றதா இல்லையான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. அத என்னை யாரும் கேக்காதீங்க, நீங்களும் கேக்காதீங்க.

சாப்பிடாம வாங்க. கொழம்பு வெச்சி வெக்கறேன்.

துர்கா